கழுத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

இரும்பில் பிடிக்கும் கறளின், துருவின், நிறம் எனக்கு மிகப் பழக்கமானது. ஒஸ்லோவின் வீதிகளுக்குக் கீழே, வீடுகளைச் சூடாக்குவதற்கு வெந்நீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றை வெல்டிங் செய்தவர்கள் போன பிறகு குழிக்குள் இறங்கி, ஒட்டு சரியா என்று சோதிப்பவள் நான். ஒட்டைத் துடைத்து, சிவப்புத் திரவம் பூசி, கால் மணித்தியாலம் பொறுத்து, மறுபடியும் துடைத்து, மேலே வெள்ளை மாவை விசிறுவேன். ஒட்டு நல்லதென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சிவப்பு மெல்லக் கசிந்து வந்து ஒரு கோடு போடும். தலைமயிர் அளவுதான் இருக்கும். அதைக் கண்டால் சோக்கால் வட்டம் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவேன். ஒட்டியவர் எவ்வளவு வாதாடினாலும் போட்ட வட்டத்தை நான் அழித்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காக இரங்கிவிடக் கூடாது.

என் மகளுக்கு இருபத்துநான்கு வயது. மின்தூக்கிகளைத் திருத்தும் வேலை. ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். கூட வேலை செய்யும் ஒருவர் மூலம் அவளுக்குப் பழைய மோட்டோகிராஸ் வண்டிகளில் பைத்தியம் பிடித்தது. மேடு பள்ளமான மண் திடல்களில் பாய்ந்து ஓடும் பந்தய வண்டிகள். அதிலும் எழுபதுகளில் ஓடிய ஒரு வகைதான் அவளுக்கு வேண்டும். அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளின் சட்டகம் பாரமாக இருந்ததாம், அடிக்கடி முறிந்ததாம். எனவே நல்ல ஓட்டக்காரர்கள் இயந்திரத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, கை தேர்ந்த ஒருவரிடம் போய் மெல்லிய, உறுதியான குழாயில் புதுச் சட்டகம் செய்வித்தார்கள். அப்படிச் செய்பவர்கள் மாட்டுக் கொட்டகையிலும் படகுக் கொட்டிலிலும் இருந்து வேலை செய்தவர்கள். ஒருவர் தன் வாழ்நாளில் செய்தது பத்தோ இருபதோதான்.

இந்த வண்டிகள் வீதியில் ஓடியவை அல்ல என்பதால் இவற்றுக்குப் பதிவும் இல்லை, இலக்கத்தகடும் இல்லை. எது யார் செய்தது, எதில் யார் ஓடினார் என்பதை வண்டியின் உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஹான்டில் வந்து பொருந்தும் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும் எண், குழாய்கள் சேருமிடத்தில் ஒட்டுக்கு உருக்கிய பித்தளை ஓடிய விதம், பழைய புகைப்படத்தில் தெரியும் ஒரு நசிவு. என் கணவர் பேருந்து ஓட்டுபவர். மகள் சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உருப்பெருக்கியால் பார்ப்பதைக் கண்டு, "இஞ்சேரும், மண்டையோட்டை வைச்சு ஆளைப் பிடிக்கிற கேஸ் மாதிரிக் கிடக்கு," என்பார். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. என் கண் அவளுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். அவள் வண்டியில் ஏறப்போகிறாள் என்ற பயத்தை அந்தப் பெருமையால் மூடிக்கொண்டேன்.

இப்படிப் பார்த்துச் சொல்வதில் பேர்போன ஒரு முதியவர் நகரத்துக்கு வெளியே, காரில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்தார். யாராவது கொட்டிலில் ஒரு பழைய சட்டகத்தைக் கண்டெடுத்தால் அவரிடம் கொண்டுபோவார்கள். அவர் கண்ணை மூடி ஒட்டின்மேல் பெருவிரலை ஓட்டி, இது இன்னார் செய்தது என்பார். அதன் பிறகு அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவரிடம் விற்பனைக்கு ஒன்று இருப்பதாக மகளுக்குத் தகவல் வந்தது. தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

சிவப்பு மர வீடு. வாஃபலும் மண்ணிறச் சீஸும் வைத்தார். என் வேலை என்னவென்று கேட்டறிந்து, தொழில்காரரைத் தொழில்காரர் மதிப்பதுபோல எழுந்து கைகொடுத்தார். பிறகு வண்டியைக் காட்டினார். வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு கைவினைஞர் செய்த சட்டகம் என்றார். கழுத்தில் அடித்திருந்த எண்ணில் ஒரு மூன்று இருந்தது. அதன் வால் உடைந்திருந்தது. அந்தக் கைவினைஞரிடம் இருந்த எண் அச்சு ஒருமுறை கீழே விழுந்து உடைந்ததாகவும், அதற்குப் பிறகு அவர் அடித்த மூன்றுகள் எல்லாம் வாலில்லாமலே விழுந்ததாகவும் சொன்னார். அதே வண்டி அந்தரத்தில் பறக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றையும் மேசையில் வைத்தார். மகளின் முகம் ஆசையில் சிவந்துவிட்டது.

சட்டகம் முழுவதும் மங்கிப்போன நிக்கல் முலாம். கழுத்துக்குப் பின்னால் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மட்டும் வெள்ளி நிறப் பெயின்ற். அது ஏன் என்று கேட்டேன். அங்கே முலாம் உரிந்துவிட்டது, கறள் பிடிக்காமல் இருக்கத் தானே பூசியது என்றார். வேலையிடத்தில் ஒருவர் ஒட்டின்மேல் பெயின்ற் பூசி வைத்திருந்தால், சுரண்டு என்பதுதான் என் முதல் வார்த்தை. அன்று இரண்டாவது வாஃபலை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

வண்டி வீட்டுக்கு வந்த நாள் கட்டடத்தின் கீழ்த்தளக் கராஜுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு இறங்கினேன். மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, ரெண்டு நிமிசத்திலை இது முழுக்கச் சேறு. ஆருக்குப் பொட்டு?"

"சேறு பூசுறது உன்ரை பாடு. பொட்டு வைக்கிறது என்ரை பாடு."

கணவர் முன் சில்லின் டயருக்குக் கீழே ஒரு தேசிக்காயை, எலுமிச்சம்பழத்தை, வைத்தார். நான் கழுத்துக் குழாயில், அந்த வாலில்லாத மூன்றுக்குப் பக்கத்தில், சந்தனத்தைக் குழைத்து வைத்து நடுவே குங்குமம் வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். பயந்த கைக்கு அளவு தெரிவதில்லை.

அந்தக் கோடையில் அவள் நாலைந்து தடவை பயிற்சிக்குப் போனாள். போகும் ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்வரை நான் தொலைபேசியைக் கையிலிருந்து இறக்கவில்லை. வந்து கராஜில் தண்ணீர்க் குழாய் பிடித்து வண்டியைக் கழுவுவாள். அந்தப் பழைய இயந்திரங்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த எண்ணெய்தான் ஊற்றுவார்களாம். அது எரிந்த வாடை அவள் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயை வண்டிக்கும் கொடுத்துவிட்டாயா என்று தகப்பன் கேட்பார். சிரிப்போம். 

ஒரு நாள் அவள் கழுவிவிட்டுக் குளிக்க மேலே போயிருந்தாள். நான் கராஜில் காரிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். வண்டியின் கழுத்துக்குக் கீழே, வெள்ளிப் பெயின்ற் பூசியிருந்த இடத்தில், ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. மெல்லிய கோடு. குழாயைச் சுற்றி அரைவட்டமாகப் போய், கீழே ஒரு துளி வடிந்திருந்தது.

அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். இத்தனை கழுவியும் குங்குமம் முழுதாகப் போகவில்லை, வடிந்துபோய் அங்கே ஏதோ ஒரு கீறலில் தங்கியிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பெருவிரலால் தடவினேன். விரலில் செம்மண்ணிறம் பிடித்தது. அதை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடி, பிள்ளையைக் காப்பாற்று என்று சொன்னேன். பிறகு மரக்கறிப் பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

அதற்கு இரண்டு ஞாயிறு கழித்துப் பழைய வண்டிக்காரர்கள் கூடி ஓடும் சந்திப்பு ஒன்று நடந்தது. நான் வேலி ஓரத்தில் நின்றேன். அது ஒன்றும் பெரிய பாய்ச்சல் இல்லை. அவள் அதைவிட உயரத்திலிருந்து எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறாள். வண்டி மண்ணைத் தொட்டதும் முன் சில்லும் ஹான்டிலும் தனியாக ஒரு பக்கம் போயின. அவள் ஹான்டிலைப் பிடித்தபடியே அதோடு போனாள். சத்தம் கூடப் பெரிதாக இல்லை. காய்ந்த கம்பை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல ஒன்று.

ஓடிப்போனேன். முதலுதவிக்காரர்கள் என்னைக் கிட்ட விடவில்லை. அவள் கண் திறந்திருந்தது, கால் விரல்களை அசைத்தாள், அதைக் கண்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. என் கண் அவளை விட்டு, பக்கத்தில் கிடந்த முறிந்த குழாய்க்குப் போனது. முறிந்த முகத்தில் ஒரு சிறு பகுதிதான் புதிதாகப் பளபளத்தது. மிகுதி முழுவதும் இருண்ட செம்மண்ணிறம். பல கிழமைகளாகத் திறந்திருந்த வெடிப்பு. குழாயின் உள்பக்கத்தில் நெடுகத் தையல்போல ஒரு வரி ஓடியது. தகட்டை வளைத்து ஒட்டிய குழாய், வேலி அடிக்கிற குழாய். பந்தயச் சட்டகத்துக்கு அதை யாரும் தொடமாட்டார்கள். இவ்வளவையும் நான், பிள்ளையைப் பலகையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரே பார்வையில் வாசித்தேன். பிறகு என் கை தானாக நெற்றிக்குப் போனது. 

காறை எலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்திருந்தன. முள்ளந்தண்டில் இரண்டு இடத்தில் வெடிப்பு. நடப்பாள் என்றார்கள். கழுத்துப் பட்டியோடு வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்திருந்தவள், பார்க்க வருபவர்கள் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னாள்: "நான்தான் பிழையாய் இறங்கிட்டன். முன் சில்லு முதல் பட்டிட்டுது." சட்டகத்தை அவள் சந்தேகிக்கவே இல்லை. அந்தக் கைவினைஞர் செய்த அருமையான பொருளைத் தான் உடைத்துவிட்டதாக அழுதாள். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். 

கண்டதை அவளிடம் சொல்லுமுன் நான் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய். தள்ளிப்போட ஒரு வேலை வேண்டியிருந்தது. முறிந்த துண்டுகளை நிலவறையில் வைத்து, வெள்ளிப் பெயின்றைச் சுரண்டினேன். கீழே கார் திருத்துபவர்கள் நசிவை நிரப்பப் பூசும் பசை. அதன் கீழே, கழுத்துக்குப் பின்னால் வரும் இரண்டு குழாய்களிலும், நேராக ஓர் அறுவை. இரும்பறுக்கும் வாளால் அறுத்து மறுபடி ஒட்டியிருந்தது. அறுவைக்கு முன்னால் இருந்த கழுத்து அருமையான வேலை, பித்தளை தேன் வடிந்ததுபோல நின்றிருந்தது. பின்னால் இருந்த உடல் வேறு ஏதோ மலிவான சட்டகத்துடையது.

மகள் சேர்த்து வைத்திருந்த படங்களில் ஒன்றின் பின்னால் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது, அழைத்தேன். அந்தக் கைவினைஞரின் மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை, இன்னமும் துரொண்ட்ஹெய்மில்தான் இருந்தார். கழுத்தில் அடித்திருந்த எண்ணைச் சொன்னேன். மூன்றுக்கு வால் இல்லைத்தானே என்று அவரே கேட்டார். தகப்பனுடைய பட்டியலைத் தேடி எடுத்து வாசித்தார். அந்தச் சட்டகம் ஒரே கோடையில் வெடித்துத் திரும்பி வந்ததாம். தகப்பன் தன் சட்டகம் வெடித்துத் திரும்பினால் திருத்திக் கொடுப்பதில்லை. கழுத்துக்குப் பின்னால் இரண்டு குழாய்களையும் தானே அறுத்து, கொட்டிலுக்குப் பின்னால் எறிந்துவிடுவார். இனி எவரும் அதில் ஏறக் கூடாது என்பதற்காக. அவர் இறந்த பிறகு ஒரு மனிதர் வந்து அந்த இரும்புக் குவியல் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனாராம். நல்ல மனிதர், தகப்பனின் வேலையைப் பற்றி மிகவும் மரியாதையாகப் பேசினார் என்றார் அந்த அம்மா.

எத்தனை கழுத்துகள் அந்தக் குவியலில் இருந்தன என்று கேட்டேன். ஏழோ எட்டோ இருக்கும் என்றார்.

கணவரும் நானும் அந்தச் சிவப்பு வீட்டுக்குப் போனோம். கத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவள், நோர்வேயில் எல்லாரும் செய்வதுபோலச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். முறிந்த துண்டுகளின் படங்களை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகப் பார்த்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எண் உண்மையானது, கழுத்து உண்மையானது, புகைப்படம் உண்மையானது, தான் சொன்னதில் எது பொய் என்று கேட்டார். இந்த வட்டாரத்தில் ஓடும் பழைய வண்டிகளில் பாதி இப்படித்தான், ஆட்களுக்குக் கதைதான் வேண்டும், வண்டியைச் சுவரில் மாட்டி வைப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். குரலில் நடுக்கம் இல்லை. வாய் ஓரத்தில் சீஸ் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அருவருத்தது.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையாகவே புரியாதவர்போல என்னைப் பார்த்தார்.

"அந்த இடத்தில் முதலில் கறள் கசிந்திருக்குமே. நீங்கள் பரிசோதகர் அல்லவா? பார்க்கவில்லையா?"

கணவர் எனக்காகக் கோபப்பட்டார். காரில் வரும் வழியெல்லாம், அந்த மனிசன்ரை நாக்கைப் பாரும், செய்யிறதையும் செய்துபோட்டு உம்மிலை பழி போடுறான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு நெற்றி விசயம் தெரியாது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த அருவருப்பும் என்மேல் இருந்ததும் ஒரே வாடை அடித்தன. அவர் வெடிப்பைப் பெயின்றால் மூடினார். நான் என் கையால் தடவி, கும்பிட்டு மூடினேன்.

மகள் தேறும்வரை அவளுக்குச் சொல்லாமல் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். அவர்கள் சட்டகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே அந்த மனிதர் ஒரு சந்திப்பில் யாருடையதோ வண்டியைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நிற்கும் படத்தை மகள் தன் தொலைபேசியில் கண்டாள். அவள் சந்தோசமாக அதை எனக்குக் காட்டினாள். அவர் தன்னைச் சுகம் விசாரித்ததாக யாரோ எழுதியிருந்தார்களாம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சோபாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அறுவை, தையல் குழாய், கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த குவியல். நீ பிழையாக இறங்கவில்லை என்றேன். பிறகு சிவப்புக் கோட்டைச் சொன்னேன்.

அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நெத்தியிலையா வைச்சனீங்கள்?"

"ஓம்."

சிரிக்கத் தொடங்கினாள். விலா வலித்து நிறுத்தினாள். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தகப்பனைக் கூப்பிட்டாள். நான் அறைக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். அது எனக்குத் தகும் என்று தோன்றியதால் அழவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டாள். பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் வாசிக்கும் இணையப் பக்கத்தில் நான் இதை எழுத வேண்டும் என்றாள். படங்களோடு, என் வேலை என்னவென்ற விபரத்தோடு. எழுதுகிறேன், அறுவையைக் காட்டுகிறேன், எண்ணைக் காட்டுகிறேன் என்றேன்.

"கோட்டையும் எழுதுங்கோ. நீங்கள் கண்டதையும்."

அது தேவையா என்று கேட்டேன். வேலையிடத்திலும் வாசிப்பார்கள் பிள்ளை, நான் இனி எந்த முகத்தோடு குழிக்குள் இறங்கி வட்டம் போடுவது என்றேன். என் குரல் எனக்கே அந்த மனிதருடைய குரல்போலக் கேட்டது.

 அவளிடம் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. களைத்திருந்தாள்.

"இன்னும் ஆறேழு வண்டி ஓடுதம்மா. அதுகளிலையும் இந்தக் கோடு கிடக்கும். அவையள் அதை என்னெண்டு நினைச்சுத் துடைச்சுக்கொண்டிருக்கினம்?"

அன்று மத்தியானமே எழுதினேன். வாலில்லாத மூன்றைப் பற்றி, கழுத்துக்குப் பின்னால் பெயின்ற் இருந்தால் சுரண்டச் சொல்லி, சிவப்பாக எது கசிந்தாலும் வண்டியில் ஏற வேண்டாம் என்று. என் தொழிலை எழுதினேன். அந்தக் கோட்டை விபத்துக்கு இரண்டு கிழமை முன்பே கண்டேன் என்றும், எங்கள் வழக்கப்படி வாகனத்துக்கு வைக்கும் சிவப்புப் பொடி என்று நினைத்தேன் என்றும், அதைத் தொட்டு நெற்றியில் வைத்தேன் என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வரியை நோர்வேஜிய மொழியில் எழுதி முடிப்பதற்கு மிகுதி எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது. மகள் வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, தானே அனுப்பினாள்.

சிலர் என்னைத் திட்டியிருந்தார்கள். சிலர் அந்த முதியவரைத் தங்களுக்கு நாற்பது வருடமாகத் தெரியும் என்று எழுதினார்கள். வேலையிடத்தில் மேலாளர் கூப்பிட்டு வைத்துக் கதைத்தார். அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

நாலாம் நாள் வடக்கிலிருந்து ஒருவர் ஒரு படம் அனுப்பினார். வாலில்லாத மூன்று. கழுத்துக்குப் பின்னால் வெள்ளிப் பெயின்ற். அதில் தலைமயிர் அளவில் ஒரு செம்மண்ணிறக் கோடு, கீழே ஒரு துளி. சங்கிலிக்குப் பூசும் சிவப்புக் கிரீஸ்தான் பறந்து வந்து ஒட்டுகிறது என்று நினைத்து, கோடை முழுவதும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாராம். இனி அதில் ஏறமாட்டேன், நன்றி என்று எழுதியிருந்தார்.

மகள் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"துடைச்சவர்தானே," என்றாள். "நெத்தியிலை வைக்கேல்லை."

நான் எழும்பி முகம் கழுவப் போனேன்.